ஒரு வில்லைக்கு மூன்று மாடு

நாவல்மட்டம் பள்ளத்தாக்கில் நூற்றைம்பத்தாறு காட்டெருமைகள் அதிகப்படியாக இருக்கின்றன என்று கணக்குப் போட்டுக் கையெழுத்திட்டவள் நான். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு ட்ரோன்கள் வந்து அந்த நூற்றைம்பத்தாறையும் சுட்டுத் தள்ளும். எங்கள் துறையில் இதற்குக் ‘குறைப்பு’ என்று பெயர். சாகடிப்பது என்ற சொல் எங்கள் கோப்புகளில் எங்கேயும் வராது. இருபத்தெட்டு வருஷம் இந்த மொழியிலேயே எழுதி எழுதி எனக்கும் அது பழகிவிட்டிருந்தது.

பன்னிரண்டு வருஷங்களுக்கு முன்னால் வந்த சட்டம் இது. ஒவ்வொரு காட்டிலும் ஒவ்வொரு விலங்குக்கும் ஒரு தாங்கு எண் உண்டு. அந்தக் காடு அத்தனை வாய்களுக்குத்தான் தீனி போடும் என்று பொருள். நாவல்மட்டத்துக் காட்டெருமைக்கு அது இருநூற்று நாற்பது. வருஷாந்திர மதிப்பீடு அதைத் தாண்டினால் எந்த அதிகாரியும் உத்தரவு போட வேண்டியதில்லை. கணினியின் கணிப்பு நிரலே தேதி குறித்து ட்ரோன்களுக்கு அனுப்பிவிடும். வேண்டியவர்களுக்கு ஒரு கணக்கு, வேண்டாதவர்களுக்கு ஒரு கணக்கு என்று நடந்துகொண்டிருந்ததை நிறுத்தத்தான் அப்படி ஏற்பாடு செய்தார்கள். அப்போது அதைக் கைதட்டி வரவேற்றவர்களில் நானும் ஒருத்தி.

குறைப்புக்கு முன்னால் உள்ளூர் மக்களுக்கு விளக்கம் சொல்ல வேண்டும் என்று விதி. வெள்ளிக்கிழமை மாலை தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் கூட்டம் போட்டார்கள். தொழிலாளர்களின் லைன் வீடுகளிலிருந்து ஒரு அறுபது எழுபது பேர் வந்து, பறித்த களைப்போடு சாக்குகளின் மேல் உட்கார்ந்தார்கள். முன்வரிசையில் நிஷாந்தினி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இவள் கணவனைத் தேயிலைக்காட்டில் ஒரு காட்டெருமை முட்டிக் கொன்றுவிட்டது. காட்டெருமைகளைக் குறைக்கச் சொல்லி நானூறு கையெழுத்து வாங்கி மனு கொடுத்தவளும் இவள்தான். இவளைப் பார்த்தபோது எனக்குத் தெம்பாக இருந்தது. இந்தக் கூட்டத்தில் என் பக்கம் ஒருத்தியாவது இருக்கிறாள்.

அவள்தான் முதலில் கேட்டாள். “மாட்டை ஒண்ணு ரெண்டுன்னு எண்ணவே இல்லையே. அப்புறம் எப்படி மேடம் முந்நூத்தித் தொண்ணூத்தாறுன்னு சொல்றீங்க?”

“காட்டுல எண்ண முடியாதும்மா. ஒரு கல்யாண மண்டபம்னு வச்சுக்குங்க. எத்தனை பேர் வந்திருக்காங்கன்னு தெரியணும். வாசல்ல நூறு பேருக்கு மட்டும் நெத்தியில சந்தனம் வைக்கிறோம். அப்புறம் பந்தியில போய்ப் பாக்குறோம். அம்பது பேர் சாப்பிடுறாங்க, அதுல பத்துப் பேர் நெத்தியில சந்தனம் இருக்கு. அஞ்சுல ஒருத்தர். அப்போ நாம சந்தனம் வச்ச நூறு பேரும் மொத்தக் கூட்டத்துல அஞ்சுல ஒரு பங்கு. மொத்தம் ஐந்நூறு பேர். அவ்வளவுதான்.”

“மாட்டுக்கு யாரு சந்தனம் வச்சது?”

“காதுல போட்ட வில்லைதான் சந்தனம். நூத்தி இருபது மாட்டுக்குப் போட்டிருக்கோம். உடம்புச் சூட்டுலயே அது வேலை செய்யும். காட்டுல நட்டிருக்கிற கம்பங்களுக்கு அதோட குரல் கேக்கும். இந்த வருஷம் ட்ரோன் பறந்து பாத்ததுல தொண்ணூத்தொம்பது மாடு கண்ணுல பட்டுது. அதுல முப்பதுக்குத்தான் வில்லைக் குரல் வந்துச்சு. கணக்குப் போட்டா முந்நூத்தித் தொண்ணூத்தாறு.”

பின்னால் தூணில் சாய்ந்து நின்ற யோகேஸ்வரன் குரல் கொடுத்தார். முப்பத்தோரு வருஷமாக இந்தப் பள்ளத்தாக்கில் வனக் காவலர்; எங்கள் துறை ஆள். “சந்தனத்தை யாராவது தொடச்சுட்டா என்ன மேடம் ஆகும்?”

“ஏன் தொடைக்கப் போறாங்க?”

“வேர்க்கும்ல.”

நான் சிரித்தேன். “தொடைக்க மாட்டாங்கன்னுதான் வச்சுக்கிறோம், யோகேஸ். அதைக்கூட நம்பாட்டா கணக்கே போட முடியாது.”

என்னைத் தவிர யாரும் சிரிக்கவில்லை. கணக்கு புரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். விளக்கம் அளிக்கப்பட்டது என்று பதிவு செய்துவிட்டு விருந்தினர் விடுதிக்குப் போய்த் தூங்கினேன். நன்றாகவே தூங்கினேன்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு யோகேஸ்வரனிடமிருந்து தகவல் வந்தது. தொழிற்சாலைக்குக் கீழே ஓடையில் ஒரு பெண் காட்டெருமை சறுக்கி விழுந்து கழுத்து முறிந்து கிடக்கிறது. நூற்றைம்பத்தாறில் ஒன்றைக் கழித்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தோடுதான் இறங்கிப் போனேன். வாசிப்புக் கருவியை அதன் தலைப்பக்கம் காட்டியதும் ‘அடையாளம் இடப்படாதது’ என்று எழுதியது. சரி என்று திரும்பியவள், வெள்ளைக் காலுறை போட்டது போன்ற அந்தக் கால்களைப் பார்த்துக் கொஞ்சம் நின்றேன். பிறகு என்னவோ தோன்றிக் குனிந்து அதன் இடது காதைத் தொட்டேன். என் கணக்கில் வருகிற ஒரு விலங்கை நான் கையால் தொட்டது அதுதான் முதல் தடவை.

காதின் நடுவில் ஒரு துளை இருந்தது. சுண்டுவிரல் நுழையும் அளவு, வட்டமாக, விளிம்பெல்லாம் தோல் மூடி மயிர் முளைத்து ஆறிப்போயிருந்தது. முள் கிழித்தால் அப்படி இருக்காது. எங்கள் வில்லையின் தண்டு போன துளை அது.

எனக்கு உடனே மண்டைக்குள் கணக்கு ஓட ஆரம்பித்துவிட்டது. வில்லை போட்டு, பிறகு வில்லையை இழந்த மாடு கருவிக்குப் புது மாடு. நூற்றிருபது என்று நான் நம்பிய எண்ணிக்கை நூற்றிருபது இல்லை. அது குறையக் குறைய மொத்தமும் குறையும். காதைப் பார்க்க எங்கள் ஏற்பாட்டில் ஆளே கிடையாது. குரலைக் கேட்க மட்டும்தான் கம்பங்கள்.

“யோகேஸ், இதுல இருந்த வில்லை எங்க?”

அவர் ஓடைத் தண்ணீரைப் பார்த்தபடி நின்றார். பொய் சொல்லப் பழகாத மனுஷன். இரண்டு தடவை தொண்டையைச் செருமினார்.

“எங்க வீட்டுல இருக்கு மேடம்.”

“நீங்களா எடுத்தீங்க?”

“மழைக்காலத்துல புண்ணு வைக்குது. அப்புறம் புழு. காதுக்குள்ள புழு நெளிஞ்சா அது என்ன பண்ணும் சொல்லுங்க? கல்லுல தேய்க்கும், செவுத்துல தேய்க்கும், கண்ணுமண்ணு தெரியாம ஓடும். நிஷாந்தினி வீட்டுக்காரரை முட்டுனதும் அப்படிக் காது அழுகுன ஒண்ணுதான். நான்தான் பாத்தேன்.”

“எப்படி எடுத்தீங்க? அது என்ன கன்னுக்குட்டியா?”

“உப்புக்கு வரும் மேடம். ஜன்னல் கட்டையில கல்லுப்பு வச்சா விடியக்காலம் மூடுபனியில வந்து நக்கிட்டு நிக்கும். உள்ள இருந்தே துறட்டியை நீட்டி, கொக்கியை வில்லைக்கு அடியில குடுத்து ஒரு சுண்டு சுண்டுனா வந்துரும். தலையை ஒரு ஆட்டு ஆட்டும். மறுபடியும் உப்பை நக்கும்.”

“எத்தனை?”

“பத்தொம்பது.”

“வேற யாரு?”

“நான் ஒருத்தன்தான்.”

நான் அந்தப் பாறையிலேயே உட்கார்ந்துவிட்டேன். வருஷா வருஷம் இந்த மனுஷன் என்னிடம் ‘அவ்வளவு மாடு இல்ல மேடம்’ என்று சொல்லியிருக்கிறார். உள்ளூர்க் காவலர்களுக்குக் குறைத்து மதிப்பிடும் வழக்கம் உண்டு என்று நான் அடிக்குறிப்பு எழுதியிருக்கிறேன். கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாததால் அவர்மேலேயே காட்டினேன்.

“மாடு குறைவுன்னு சொல்லத் தெரிஞ்சுது, இதைச் சொல்லத் தெரியலையா?”

“சொன்னா வீடு போயிரும் மேடம்.”

அது உண்மைதான். வில்லையை அகற்றினால் சிறை கிடையாது. ஆனால் அந்தக் குடும்பத்தின் வனவிளிம்புக் குடியிருப்பு உரிமை ரத்தாகும். முப்பது நாளில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். நாவல்மட்டத்து லைன் வீடுகள் அத்தனையும் வனவிளிம்புக்குள்தான் இருந்தன.

இயக்குநர் பரணிதரனைக் கூப்பிட்டேன். நல்லவர், நிதானமானவர், எந்த விஷயத்தையும் தன் மேஜைக்கு வராமல் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர்.

“சார், திங்கக்கிழமை குறைப்பை நிறுத்தணும். வில்லையை எடுத்திருக்காங்க. என் எண்ணு தப்பு.”

“எத்தனை தப்பு?”

“தெரியல. நிறைய.”

“கீர்த்தனா, நிரலுக்கு ‘நிறைய’ன்னா புரியாது. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் திருத்த மனு திறந்திருக்கும். எடுத்த வில்லை, எடுத்தவங்க கைரேகை. ரெண்டும் இருந்தா ஒவ்வொரு வில்லையா கழிச்சுக்கும்.”

“குரல் நின்னுபோன வில்லை எல்லாத்தையும் கழிச்சுட்டா?”

“குரல் நின்னா மாடு செத்துச்சா, தூரமாப் போச்சா, வில்லை விழுந்துச்சான்னு யாருக்குத் தெரியும்? தூரமாப் போச்சுன்னே எடுத்துக்கணும்னு விதிமுறை எழுதினது நீங்கதானே?”

நான்தான் எழுதினேன். அந்தப் பக்கத்தின் எண்கூட ஞாபகம் இருந்தது.

யோகேஸ்வரன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் போனை வைத்ததும், “நான் ரேகை வைக்கிறேன் மேடம்” என்றார்.

“வீடு?”

“எம் பொண்டாட்டி திட்டுவா. திட்டட்டும். ஒரு வில்லை குடுத்தா எத்தனை மாடு தப்பும்?”

“மூணு. மூணும் சொச்சமும்.”

“ஒண்ணுக்கு மூணா?” அவர் முகத்தில் ஒரு ஆச்சரியம். வெறும் வில்லை, அதற்கு இத்தனை மதிப்பா என்பது போல. அன்று மதியமே ஒரு பிஸ்கட் டப்பாவில் பத்தொன்பதையும் கொண்டுவந்து விடுதியில் என் மேஜைமேல் கொட்டினார். ஒவ்வொன்றாகப் பதிந்தேன். முந்நூற்றுத் தொண்ணூற்றாறு இறங்கி முந்நூற்று முப்பத்துமூன்றில் நின்றது. இன்னும் தொண்ணூற்றுமூன்று மாடுகள் சாக வேண்டும்.

இருநூற்று நாற்பதுக்குக் கீழே இறங்க மொத்தம் நாற்பத்தெட்டு வில்லைகள் வேண்டும். அதை அவரிடம் நான் சொல்லவில்லை. இன்னும் இருபத்தொன்பதா என்று மனசு விட்டுவிடுவார் என்று நினைத்தேன். “இன்னும் வேணும்” என்று மட்டும் சொன்னேன். யாராவது இருந்தால் வரட்டும் என்று அவர் லைன் பக்கம் போனார். இருப்பார்கள் என்று அவருக்கே நம்பிக்கை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு நான் கதவைத் திறந்தபோது வாசலில் நிஷாந்தினி நின்றிருந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து நான்கு வில்லைகளை எடுத்து நீட்டினாள்.

“நீங்கதானேம்மா குறைக்கச் சொல்லி மனு குடுத்தீங்க?”

“குடுத்தேன். எம் புருசனைக் கொன்னது சாகணும்னு குடுத்தேன். ஒண்ணைத்தானே கேட்டேன்? நூத்தைம்பத்தாறையா கேட்டேன்?”

“அப்போ இதை ஏன் எடுத்தீங்க?”

“வலியோட ஒண்ணு ஜன்னலாண்ட வந்து நின்னா என்ன மேடம் பண்றது? மூஞ்சியைத் திருப்பிக்கவா முடியும்?” சொல்லிவிட்டு உள்ளே வந்து, மேஜைமேல் இருந்த ரேகைப் பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “எங்க வைக்கணும்?”

“வீட்டைக் காலி பண்ணணும். தெரியும்ல?”

“யோகேஸ் அண்ணன் சொல்லிருச்சு. அவரு பத்தொம்பதுன்னு சொன்னப்பதான் எனக்கு உசுரே வந்துச்சு. நான் ஒருத்திதான் இந்தத் திருட்டு வேலையைப் பண்றேன்னு ரெண்டு வருசமா பயந்து செத்துட்டு இருந்தேன்.”

அவளுக்குப் பின்னால் ஒருவர். அவருக்குப் பின்னால் இன்னொருவர். ஒன்பது மணிக்குள் விடுதி வாசலில் வரிசை நின்றுவிட்டது. அரிசிப் பானையிலிருந்து எடுத்தவை, சாமி படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்தவை, தலையணை உறைக்குள் தைத்து வைத்திருந்தவை. வெளியே எறிந்தால் எண்ணைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று எல்லோரும் வீட்டுக்குள்ளேயே ஒளித்திருந்தார்கள். வந்த ஒவ்வொருவரும் சொன்னது ஒன்றே: நான் மட்டும்தான்னு நெனச்சேன். ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டு வாழ்கிறவர்கள், பக்கத்து வீட்டு ஜன்னலுக்கும் அதே மாடு வந்துபோனது தெரியாமல் இருந்திருக்கிறார்கள்.

தொழிற்சாலையில் கொதிகலன் பார்க்கும் ஒருவர் இரண்டு வில்லைகளோடு உட்கார்ந்து ரேகை வைத்துக்கொண்டிருந்தபோது, அவர் மனைவி மூன்று வில்லைகளோடு படியேறி வந்தாள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“வீட்டுல உப்பு ஏன் இப்படிக் கரையுதுன்னு கேட்டேனே, நீதானாடி?”

“நீங்க மட்டும் துறட்டியைத் தெனமும் எடத்தை மாத்தி மாத்தி வச்சீங்களே.”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எல்லாம் முடிந்தபின் எங்கே போவார்கள் என்பதை அந்தச் சிரிப்பின்போது யாரும் நினைக்கவில்லை. ‘ஒரு வில்லைக்கு மூணு மாடு’ என்று யோகேஸ்வரன் வரிசையில் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நான்கு சொற்கள் அவர்களுக்குப் போதுமானதாக இருந்தன.

நாற்பத்தெட்டாவது வில்லை மதியம் ஒன்றே முக்காலுக்கு வந்தது. பதின்மூன்றாவது குடும்பம். பதிந்ததும் திரையில் இருநூற்று முப்பத்தெட்டு என்று மாறியது; அதன் கீழே ‘குறைப்பு தேவையில்லை’ என்று பச்சை எழுத்து. நான் ஜன்னல் வழியே வெளியே பார்த்தேன். வரிசையில் இன்னும் பதினான்கு குடும்பங்கள் நின்றன. சிலர் கைக்குழந்தையோடு வந்திருந்தார்கள்.

நான் எழுந்து போய், போதும், எல்லோரும் வீட்டுக்குப் போங்கள், அந்த வில்லைகளைக் கொண்டுபோய் ஓடையில் போடுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு நிமிட வேலை. பதினான்கு வீடுகள் மிஞ்சியிருக்கும்.

நான் எழுந்திருக்கவில்லை. இதை எப்படிச் சொன்னாலும் சாக்காகத்தான் கேட்கும், ஆனாலும் சொல்கிறேன். அந்த எண் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. இருபத்தெட்டு வருஷம் நான் மதிப்பீடுகளோடு வாழ்ந்தவள். இதிலிருந்து இதற்குள் இருக்கலாம், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து நிச்சயம் என்றுதான் எழுதியிருக்கிறேனே தவிர, உண்மையான எண் எது என்று ஒரு தடவைகூடக் கண்ணால் கண்டதில்லை. முதல்முறையாக அது வாசலில் வரிசை கட்டி வந்துகொண்டிருந்தது. எங்கே போய் நிற்கும் என்று பார்க்க ஆசையாக இருந்தது.

யோகேஸ்வரன் உள்ளே எட்டிப் பார்த்தார். “இன்னும் வேணுமா மேடம்?”

“வரட்டும்” என்றேன்.

வந்தார்கள். ஒருவர் இரண்டு, ஒருவர் ஐந்து, ஒருவர் மூன்று. இருநூறுக்குக் கீழே போனது. நூற்றைம்பதுக்குக் கீழே போனது. மாலை நான்கே முக்காலுக்கு வரிசை தீர்ந்து, நான் பலகையை மூடப் போனபோது படியில் ஓடிவரும் சத்தம். மேல் டிவிஷனில் குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்க்கும் டெய்சி. பக்கவாதம் வந்து படுத்திருக்கும் அப்பாவோடு தனியாக இருக்கிறவள். மூச்சு வாங்கியதில் அவளால் பேச முடியவில்லை. உள்ளங்கையை விரித்துக் காட்டினாள்.

“ஒண்ணுதான் மேடம் இருக்கு. சேருமா?”

மணி ஐந்துக்குப் பத்து நிமிஷம். “சேரும்” என்று சொல்லிப் பலகையை அவள் பக்கம் நகர்த்தினேன்.

மொத்தம் எண்பத்துநான்கு வில்லைகள். நூற்றிருபதில் முப்பத்தாறுதான் மாடுகளின் காதில் மிச்சம். திரையில் எண் நின்றது: நூற்றுப் பத்தொன்பது.

அதைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். காலையிலிருந்து அவர்கள் ஒவ்வொரு வில்லையைக் கொடுத்தபோதும் மூன்று மாடுகளைக் காப்பாற்றியதாக நினைத்துக் கொடுத்தார்கள். உண்மையில் ஒவ்வொரு வில்லையும் என்னிடம் சொன்னது, அந்த மூன்று மாடுகள் எப்போதுமே இருந்ததில்லை என்பதை. முந்நூற்றுத் தொண்ணூற்றாறு என்று நாங்கள் அறிவித்த பள்ளத்தாக்கில் இருப்பது நூற்றுப் பத்தொன்பது. காடு தாங்கக்கூடியதில் பாதிகூட இல்லை. நாளைக் காலை ட்ரோன்கள் வந்திருந்தால் நூற்றைம்பத்தாறைத் தேடிக் கடைசிக் கன்றுவரை சுட்டுவிட்டு, மிச்சம் முப்பத்தேழு எங்கே என்று காட்டைச் சுற்றிக்கொண்டிருந்திருக்கும். அழுதேன் என்றே சொல்லிவிடுகிறேன்.

வெளியே வந்தபோது முற்றத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். நிஷாந்தினி கேட்டாள். “எத்தனை தப்பிச்சுது மேடம்?”

“எல்லாமே.”

யாரும் ஆரவாரம் செய்யவில்லை. ஒருத்தி கண்ணைத் துடைத்தாள். இருட்டுவதற்குள் சோறு ஆக்க வேண்டும் என்று ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

திங்கட்கிழமை ட்ரோன் வரவில்லை. செவ்வாய்க்கிழமை இருபத்தெட்டுக் குடும்பங்களுக்கு நோட்டீஸ் வந்தது. நான் பரணிதரனைப் போய்ப் பார்த்தேன்.

“கடைசிப் பதினஞ்சு குடும்பத்தோட ரேகையைத் திரும்ப எடுக்கணும் சார். அது தேவையே இல்ல. நாப்பத்தெட்டுலயே முடிஞ்சுபோச்சு.”

“அப்புறம் ஏன் வாங்கினீங்க?”

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. “ஏத்துக்கிட்ட சாட்சியை நிரல் திருப்பித் தராது, கீர்த்தனா. உங்களுக்கே தெரியும். மேல உங்களைப் பத்தி நல்ல அபிப்பிராயம். இவ்வளவு துல்லியமான எண்ணு எந்தப் பள்ளத்தாக்குக்கும் கிடைச்சதில்லன்னு பேசிக்கிறாங்க.” மேஜையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். பாராட்டுக் கடிதம். அதை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். கிழித்துப் போட்டேன் என்று எழுதினால் கேட்க நன்றாக இருக்கும், ஆனால் கிழிக்கவில்லை. மேலே, நீதிமன்றம், பத்திரிகை என்று நான்கு வாரம் அலைந்தேன். எல்லோரும் அக்கறையோடு கேட்டுக்கொண்டார்கள்.

முப்பதாவது நாள் காலையில் லாரிகள் வந்தன. மலைக்குக் கீழே சமவெளியில் எட்டு மாடிக் குடியிருப்பில் குடும்பத்துக்கு ஓர் அறை ஒதுக்கியிருந்தார்கள். நான் போனபோது கட்டில், கேஸ் சிலிண்டர், தண்ணீர்க் குடம், கயிறு கட்டிய டிவி எல்லாம் ஏறிவிட்டிருந்தன. முதல் லாரியின் முன் இருக்கையில் டெய்சியின் அப்பாவைத் தூக்கி உட்கார வைத்து, அவர் சரிந்துவிடாமல் ஒரு சேலையால் இருக்கையோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். நடுவிலிருந்த ஜன்னல் வழியாகப் பின்னாலிருந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டு டெய்சி நின்றாள். யோகேஸ்வரன் ஒவ்வொரு வீடாகப் போய்க் கதவு ஜன்னல்களைச் சாத்திவிட்டு வந்தார். துறை வேலையும் போய்விட்டது அவருக்கு. சீருடை இல்லாமல் அவரைப் பார்க்க யாரோ போலிருந்தார்.

“அடுத்த மாசம் மறுபடியும் வில்லை போடுவாங்களாமே மேடம்?”

“புது மாதிரி வில்லையாம். புண்ணு வைக்காதுன்னு சொல்றாங்க.”

“வைக்காம இருந்தா சரி.” முதல் லாரியின் பின்கதவைப் பிடித்து ஏறினார். ஏறியவர் என் பக்கம் திரும்பினார். “ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அன்னைக்கு எத்தனாவது வில்லையில மேடம் போதும்னு ஆச்சு?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவர் சாதாரணமாகத்தான் கேட்டார், என்னைச் சந்தேகப்படவில்லை. என் வாழ்நாளில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளில், கூட்டல் கழித்தல் எதுவும் இல்லாமல் நான் பதில் சொல்லக்கூடிய கேள்வி அது ஒன்றுதான். அந்தக் கூட்டத்தில் எந்தப் பதினைந்து குடும்பங்கள் என்று முகம் முகமாக எனக்குத் தெரியும்.

“கடைசி வில்லையிலதான்” என்றேன்.

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. பிறகு எல்லோரும் டெய்சியைத் திரும்பிப் பார்த்தார்கள். நிஷாந்தினி மூட்டைகளைத் தாண்டிப் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

டெய்சிக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. “நான் வர வேணாம்னுதான் இருந்தேன்க்கா. அப்பாவை வச்சுக்கிட்டு எங்க போறதுன்னு. பாதி வழி வந்துட்டுத் திரும்பிப் போயிட்டேன். வீட்டு வாசல்ல நின்னேன். அப்புறம் ஒரே ஓட்டமா ஓடி வந்தேன்.”

முன் இருக்கையிலிருந்து அவள் அப்பா குழறலாக என்னவோ கேட்டார். அவள் ஜன்னல் வழியே குனிந்து அவர் காதருகே உரக்கச் சொன்னாள்.

“நம்ம வில்லைதானாம்ப்பா. நம்ம வில்லையிலதான் எல்லாம் தப்பிச்சுதாம்.”

அவர் மெல்லத் தலையாட்டினார். டிரைவர் வண்டியைக் கிளப்பினார்.